எலுமிச்சம்பழம் ஓடிய நேரம்

தென்காசி,
விக்கிரம வருஷம் ஆடி மாதம் 4ஆம் நாள்,
வெள்ளிக்கிழமை, காலை மணி 8.10

வீரகேரளம்புதூரில் நிலபுலன்களோடும் நற்பெயரோடும் விளங்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி நல்லக்கண்ணு அவர்கள் சமூகத்துக்குத் தென்காசி காந்திமதிநாதன் இரு கையும் கூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் என் மகள் வள்ளித்தாயும், பிறந்து எட்டு நாளான தங்கள் பேத்தியும், என் மனைவி உச்சிமாகாளியும் சுகம். என் சுகத்தை விசாரிப்பார் இவ்வீட்டில் எவருமில்லாதபடியால் அதைப் பற்றி நானும் எழுதவில்லை. அவ்விடம் தாங்களும், தங்கள் துணைவியாரும், பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருக்கும் மாப்பிள்ளை சுந்தரபாண்டியனும் சுகமாயிருக்க விசுவநாதர் அருள்வாராக.

நிற்க. தாங்கள் நேற்று ஆள்மூலம் கொடுத்தனுப்பிய கடிதம் கிடைத்தது. சென்ற வெள்ளிக்கிழமை குழந்தை பிறந்த நேரம் காலை 11.47 என நான் குறித்தனுப்பியதை வைத்துத் தங்கள் ஜோசியர் கணித்ததில், அன்று 11.40க்கே அஸ்தம் முடிந்து சித்திரை தொடங்கிவிட்டது என்றும், சித்திரை முதல் பாதத்துப் பிள்ளையின் முகத்தைத் தகப்பன் தொண்ணூறு நாள் பார்க்கலாகாது, பார்த்தால் தகப்பன் உயிருக்கே ஆகாது என்றும், ஆகவே மாப்பிள்ளையைத் தென்காசிக்கு அனுப்புவதற்கில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். சண்டைக்குக் கப்பலேறப் போகிற ஒரே மகனைப் பற்றிய தங்கள் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் செவ்வாய்க்கிழமை ரயிலேற வேண்டியவர். தங்கள் கடிதத்தை நான் படித்துக் காட்டியபோது வள்ளித்தாய் அழவில்லை. "அப்பா, கப்பல்ல போனவுக இன்ன தேதிக்குத் திரும்பணும்னு ஒங்ககிட்ட ஏதாவது ரூல் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

எனவே சொல்லிவிடுகிறேன். அந்த 11.47 தவறு. இந்த ஒரு வரியை எழுத மூன்று தாள்களைக் கிழித்தேன். இருபத்தெட்டு வருஷமாக ரயில்வேயில் இருப்பவன், தினந்தோறும் மாலை நான்கு மணிக்குத் தந்தியில் வரும் நேரத்தோடு கடிகாரத்தை ஒத்துப் பார்க்கிறவன், பிறர் ஒரு நிமிஷம் பிந்தினாலும் காரணம் எழுதிக் கேட்கிறவன், சொந்தப் பேத்தியின் நேரத்தில் பிழை செய்தேன் என்றால் அதற்கு விளக்கம் தரக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தலைப்பிரசவத்துக்கு மகள் இவ்வீட்டுக்கு வந்ததுமே, ஒரு மாத லீவு போட்டுக்கொண்டு, பதினான்கு விதிகள் அடங்கிய அறிவிப்பொன்றை எழுதி உள்ளறைக் கதவில் ஒட்டினேன். ஆறாவது விதி, அறைக்குள் அநாவசியப் பேச்சு கூடாது என்பது. ஒன்பதாவது விதியில்தான் விபத்து இருந்தது. ஜமீன் வீடுகளில் வழக்கமுண்டே, குழந்தை பூமியில் பட்ட கணத்தில் மருத்துவச்சி ஒரு எலுமிச்சம்பழத்தை வெளியே உருட்டிவிட, வாசலில் இருப்பவர் அந்தக் கணத்தைக் குறித்துக்கொள்வார். அதை நம் வீட்டிலும் அமல்படுத்தினேன். மருத்துவச்சி நூருன்னிசா அறிவிப்பை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, எனக்கு இருக்கது ரெண்டு கை. ஒண்ணு தாய்க்கு, ஒண்ணு பிள்ளைக்கு. பழம் உருட்டதுக்கு ஒங்க ரயில்வேல இருந்து ஒரு ஆள வரச் சொல்லுங்க" என்றாள். என் மனைவியோ, "பிள்ள பெறப் போறது அவ. ரூல் போடுதது நீங்க. நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனாலும் பழம் அறைக்குள் போயிற்று. அதைக் கொண்டுபோய் வைத்தவனும் நானே.

வெள்ளிக்கிழமை விடியலிலிருந்தே சாரல். பட்டாசாலையில் நாற்காலி போட்டு, இடது கையில் கடிகாரமும் வலது கையில் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தேன். சரியாக 9.20க்குக் கதவின் கீழிருந்து எலுமிச்சம்பழம் உருண்டு வந்தது. 9.20 என்று எழுதி, கோடு கிழித்து, கையெழுத்தும் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி, எதிர்வீட்டுச் சுடலைக்கண்ணுவுக்குக் கற்கண்டு கொடுத்து, பிறந்துவிட்டது என்று அறிவித்தேன். உள்ளேயிருந்து உச்சிமாகாளி, "இங்கன இன்னும் ஒண்ணும் பொறக்கல, வெளியில யாருக்குப் பொறந்துச்சாம்?" என்று சத்தம் போட்டாள். நூருன்னிசாவின் காலில் இடறிப் பழம் வெளியே வந்திருக்கிறது. 9.20ஐ அடித்துவிட்டுப் பழத்தைக் கதவிடுக்கில் திரும்பத் தள்ளினேன். கொடுத்த கற்கண்டைத் திரும்பப் பெற விதியில்லை. சுடலைக்கண்ணுவும் அதற்குள் அதை விழுங்கிவிட்டார்.

இரண்டாம் முறை பழம் வந்ததும் குழந்தையின் அழுகையும் கூடவே கேட்டது, ஐயத்துக்கே இடமில்லை. அந்தக் கணத்தில் நான் செய்திருக்க வேண்டியது கடிகாரத்தைப் பார்ப்பது. செய்யவில்லை. எங்கள் லயனில் ஒரு வண்டி வந்தால் முதலில் டிரைவர் நீட்டும் டோக்கனைக் கையில் வாங்க வேண்டும், பிறகுதான் நேரம் எழுத வேண்டும். கை அப்படியே பழகிவிட்டது. டோக்கனைப் பிடிக்கக் குனிந்தேன், அதாவது பழத்தை. பட்டாசாலைத் தளம் முற்றத்துப் பக்கம் சரிவு என்பது வீடு கட்டிய எனக்குத் தெரியும், ஆனாலும் குனிந்தேன், பழம் என் விரலைத் தொட்டுவிட்டு முற்றத்தில் விழுந்து, சாரல் தண்ணி போற வாறுகால்ல இறங்கி, வாசப்படிக்குக் கீழ போய், தெருவுக்கே போயிட்டுது. நான் மேல்துண்டும் இல்லாம பின்னாலேயே ஓடுதேன். பழம் கல்லுக்கு அடியில போகுது, அங்கன வெளிய வருது, கிட்டப் போனா மறுபடியும் போகுது. தெரு முக்குல சுடலைக்கண்ணு பழத்தை எடுத்து வச்சுக்கிட்டு, "என்ன அண்ணாச்சி, ஊறுகாய்க்கா?" என்கிறார். "இல்லை, பிரசவத்துக்கு" என்றேன். "காலையிலேயே பிறந்திட்டுன்னு கற்கண்டு குடுத்தீங்களே, இது ரெண்டாவதா?" என்று கேட்டார். அதற்கு விளக்கம் சொல்லாமல் பழத்தை வாங்க முடியவில்லை.

வீடு திரும்பியபோது குழந்தையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றியிருந்தார்கள். "பொம்பளப் பிள்ள. மணி குறிச்சீங்கள்லா?" என்றாள் உச்சிமாகாளி. நனைந்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த நிமிஷம் கடிகாரம் காட்டிய 11.47ஐச் சொன்னேன். கேட்டவர்கள் ஒருவரும் சந்தேகப்படவில்லை. காந்திமதிநாதன் சொன்ன நேரத்தை யார் சந்தேகப்படுவார்கள்? அந்தப் பெருமையில் நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் இல்லை.

வீட்டில் மற்ற விதிகளின் கதியையும் மறைக்கவில்லை. மூன்று மணிக்கொரு முறை பால் என்று அட்டவணை எழுதித் தொட்டில் கயிற்றில் கட்டினேன். தங்கள் பேத்தி ஒரு வேளையாவது அதற்கு உட்படவில்லை. நான்காம் நாள் அந்த அட்டவணைத் தாளில் குழந்தைக்குச் சுட்ட வசம்பை மடித்து வைத்திருந்தார்கள்.

இனி தாங்கள் கேட்கக்கூடிய கேள்வி, உண்மையான நேரம் என்ன என்பது. தங்கள் கடிதம் வருமுன்பே மனம் உறுத்தியதால், ஞாயிறு முதல் நேற்று வரை தினமும் சாரல் விழும் வேளையில், அதே எடையுள்ள எலுமிச்சம்பழத்தை அதே இடத்திலிருந்து உருட்டிவிட்டு, அதே வேகத்தில் நானே பின்னால் ஓடி, திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தேன். சுடலைக்கண்ணுவும் தெரு முக்கில் நின்று அதே கேள்வியைக் கேட்டு உதவினார். முதல் முறை பதினான்கு நிமிஷம், இரண்டாம் முறை இருபத்தொன்று, மூன்றாம் முறை ஒன்பது, நான்காம் முறை பதினாறு. ஐந்தாவது பழம் திரும்பவில்லை. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மிகக் குறைந்ததான ஒன்பதைக் கழித்தாலும் 11.38 ஆகிறது. எப்படிப் பார்த்தாலும் குழந்தை அஸ்தத்தில் பிறந்தவள். சித்திரை அவள் பக்கமே வரவில்லை. அன்று தெருவில் ஓடியவன் நான்தான்.

ஆகையால் சம்பந்தி அவர்கள் பெரிய மனது பண்ணி, திங்கட்கிழமைக்குள் ஒரே ஒரு நாள் மாப்பிள்ளையை இங்கே அனுப்பிவைக்க வேண்டும். நம்பிக்கை போதவில்லையென்றால், தோஷம் தாக்காதிருக்க வழக்கப்படி எண்ணெய்க் கிண்ணத்தில் குழந்தையின் நிழலை முதலில் பார்க்கட்டும்; எண்ணெயைக் கையில் ஏந்தி நான் நிற்கிறேன், கை ஆடாது. பார்க்காமல் அவர் கப்பலேறினால், என் மகள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கத்தையும், மாப்பிள்ளைக்கு ஆயுளும் வெற்றியும் பெருக என் ஆசியையும் தெரிவிக்க வேண்டியது. வயலும் மாடும் வாழையும் செழிக்கட்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்து,
காந்திமதிநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டக் கோந்து தேடி உள்ளறைக்குப் போனேன். அங்கே மாப்பிள்ளை சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க, மடியில் குழந்தை அவர் மீசையைப் பிடித்துக்கொண்டிருந்தது. "வாங்க மாமா" என்று என் வீட்டில் என்னையே வரவேற்றார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தினமும் கொல்லை வாசல் வழியாக வருகிறாராம். தங்களிடம் குற்றாலத்து அருவியில் குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்து, திரும்பும்போது நம் கிணற்றடியில் இரண்டு வாளி தலையில் ஊற்றிக்கொண்டு போகிறாராம். "நீங்க தெருவுல பழம் உருட்டிக்கிட்டு இருந்தீங்க, அதான் தெரியல. இன்னொரு தடவ உருட்டிப் பாருங்கன்னு ஒவ்வொரு நாளும் ஒங்களைக் கெளப்பிவிட்டது யாருன்னு நினைக்கீங்க?" என்றாள் உச்சிமாகாளி. வள்ளித்தாய் சிரித்தாள், என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள். இதைத் தங்களுக்கு எழுதக் கூடாது என்று மூவரும் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்கள். எழுதிவிட்டேன். காரணம், இந்த ஆறு நாளும் தங்கள் மகன் அருவிக்குப் போவதைப் பார்த்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்களும் கூடக் குளிக்க வருவதாகச் சொல்லியிருக்கிறீர்களாம். அவசியம் வாருங்கள். பேத்தி முகத்தைத் தாத்தா பார்க்கக் கூடாதென்று எந்த ஜோசியரும் சொல்லவில்லை. கொல்லைக் கதவைத் திறந்து வைக்கிறேன். துண்டு கொண்டுவர வேண்டாம்.