ஏழு பேருக்கும் ஒரே வண்டி

கட்டபெட்டு,
ஐப்பசி 19, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சான் மனோகரனுக்கு,

உன் அக்காள் தெய்வம்மாவைக் கட்டிய நாளிலிருந்து முப்பத்தைந்து வருடமாக உன் யோசனைகளைக் கேட்டுக்கொண்டிருக்கும் ராஜரத்தினம் எழுதுவது. இங்கே நான், உன் அக்காள், என் அக்காள் சின்னம்மை, மகன் சுரேஷ், மருமகள் சுமலதா, மகள் வாசுகி, பேரன் கிருத்திக் ஆக ஏழு பேரும் இந்த மழையிலும் சளி இல்லாமல் இருக்கிறோம். கோயம்புத்தூரில் நீயும் உன் சம்சாரமும் பெயிண்ட் காயாத புது வீடும் அப்படியே இருக்க வேண்டும் என்று முருகனைக் கேட்டுக்கொள்கிறேன். கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ ஒன்பது வார்த்தை சொல்கிறாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. ஆகவே உட்கார்ந்து முழுசாகப் படி.

கிரகப்பிரவேசத்துக்கு அழைக்கப் போன வாரம் போன் செய்தபோது வண்டி விஷயமாக நீ மூன்று புத்திமதி சொன்னாய். பழைய வேன் வாங்காதீங்க மச்சான், அது அடுத்தவன் தலைவலியைக் காசு கொடுத்து வாங்குற மாதிரி என்றாய். சரி. புதுசா ஒரு சின்னக் காரா எடுங்க, இல்லாட்டி டாக்ஸி பிடிச்சு வாங்க என்றாய். அதுவும் சரி. மூன்றாவதாக, "அஞ்சு பேரு வந்தாப் போதுமுங்க மச்சான், சின்னம்மை அக்கா எப்பவும் போல ஊட்டைப் பாத்துக்குவாங்க, துணைக்கு வாசுகி இருக்கட்டும்" என்றாய் பார், அதில்தான் எனக்குக் கோபம் வந்தது. இப்போது வரை இறங்கவில்லை. உன் அக்காளுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து பஸ் படி ஏற முடியவில்லை, ஆகவே எங்கே போனாலும் டாக்ஸி, டாக்ஸி என்றால் டிரைவர் போக நெருக்கி உட்கார்ந்தால் ஐந்து பேர், அப்புறம் யார் நிற்பது என்ற பேச்சே எழாது, அக்கா தானாகவே முந்தானையைச் செருகிக்கொண்டு "நான் ஊட்டைப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிடுவாள், அவளைத் தனியாக விடுவது மரியாதை இல்லை என்று துணைக்கு வாசுகியை விட்டுவிட்டுப் போவோம். சுரேஷ் நிச்சயதார்த்தத்துக்கு அவள் வரவில்லை. கிருத்திக்குக்குப் பழனியில் மொட்டை போட்டபோது வரவில்லை. உன் மகள் சடங்குக்கும் வரவில்லை. இலங்கையிலிருந்து வந்த கப்பலை விட்டு இறங்கி இந்த மலைக்கு வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. அன்றிலிருந்து தேயிலைக் கொழுந்து எடுத்து என்னைப் படிக்க வைத்தவள். நான் பேன்ட் போட்டு உத்தியோகத்துக்குப் போனது அவள் விரல் நகத்துக் கறையினால். அவளை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டு உன் வீட்டில் வந்து வடை தின்ன எனக்கு இனி வாய் வராது. ஏழு பேரும் ஒரே வண்டியில், ஒரே நேரத்தில் வந்து இறங்குவோம். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் எப்படி நடந்தது என்பதற்காக எழுதுகிறேன்.

நீ சொன்ன பேச்சுக்கு மதிப்புக் கொடுத்து முதலில் புது வண்டிதான் பார்க்கப் போனேன். உன் ஊரிலேயே ஒரு ஷோரூம், பெயர் வேண்டாம். உள்ளே போனதும் காப்பி கொடுத்தார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஏழு பேர் வண்டி என்று ஒன்றைக் காட்டினார்கள். நானும் ஏறி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வது தப்பு, மடிந்தேன். முழங்கால் இரண்டும் தாடையைத் தொட்டன. விற்கிற பையன் டை கட்டியவன், நல்ல பையன்தான், "சார், மூணாவது வரிசை எப்பவாச்சும் யூஸ் பண்றதுக்குத்தான், உங்க ஃபேமிலியில யாரு சின்னவங்க?" என்று கேட்டான். எங்கள் குடும்பத்தில் யாரும் சின்னவர் இல்லை, எல்லாரும் பெரியவர்கள்தான் என்று சொன்னேன். பிறகு விலையைச் சொன்னான். கேட்டதும் எழுந்து நிற்கப் பார்த்தேன், மூன்றாவது வரிசையில் எழுந்து நிற்க முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். இத்தனை கொடுத்தும் அக்காவை மடித்துத்தான் கொண்டுவர வேண்டும் என்றால் அந்த வண்டி எனக்கு வேண்டாம்.

அடுத்தது கேத்தியில் பெனிஸ் என்று ஒரு கேரட் விவசாயி வேன் விற்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் வண்டி இருக்கிறது, சீட் இல்லை. ஆறு வருடமாகக் கேரட் ஏற்றுகிறாராம். சீட் எங்கேங்க என்றேன். "பத்திரமா இருக்குதுங்க" என்று வீட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார். பத்திரமாகத்தான் இருந்தது. அவர் வீட்டுக் கோழிகள் அதில் அடை காத்துக்கொண்டிருந்தன. "இன்னும் பதினஞ்சு நாள் பொறுங்க, குஞ்சு பொரிச்சதும் கழுவி மாட்டித் தந்துடறேன்" என்றார். நான் கோழிக்கு எதிரானவன் இல்லை. ஆனால் சுமலதா அந்தச் சீட்டை மோந்து பார்த்துவிட்டு, "மாமா, இதுல நான் வரலைங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் வராவிட்டால் ஆறு பேர் ஆகிவிடும். என் கணக்கு ஏழு.

மூன்றாவதுதான் ஷிஜோ வண்டி. கூடலூர்க்காரர், மலையாளி. எட்டுப் பேர் உட்காரலாம், நன்றாக நிமிர்ந்து உட்காரலாம். பன்னிரண்டு வருடத்து வண்டி, சர்ச் பாட்டுக் குழுவை ஏற்றிக்கொண்டு ஓடியதாம், உள்ளே இன்னும் சாம்பிராணி வாசனை. குறை இல்லையா என்றால் இருக்கிறது. பக்கவாட்டுக் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். இது ஒரு குறையா, ஓடுகிற வண்டியிலிருந்து கிருத்திக் குதிக்க முடியாது. ஹாரனை அமுக்கினால் வைப்பர் ஆடும். கோயம்புத்தூரில் மழை இல்லாதபோது வைப்பர் ஆடினால் எவனும் ஒன்றும் கேட்க மாட்டான். விலை என் பென்ஷன் பணத்துக்குள் அடங்கியது. "ஒரு குழப்பமும் இல்லா சேட்டா, ஏழு பேரை ஏத்திக்கிட்டு எந்த ஏத்தமும் கேறும்" என்றார் ஷிஜோ. சொல்வதை நம்புகிறவனா நான். எஸ்டேட் ஃபேக்டரியில் முப்பத்தொரு வருடம் பச்சை இலை எடை போட்டவன். இலைக்காரன் சொல்கிற எடையை ஒரு நாள் நம்பியதில்லை, வண்டிக்காரன் சொல்வதை நம்பிவிடுவேனா. பரீட்சை வைத்தேன்.

உண்மையான குடும்பத்தை ஏற்றிப் பரீட்சை வைப்பது ஆபத்து. ஆகவே குடும்பத்தின் எடைக்கு இலை ஏற்றுவது என்று முடிவு செய்தேன். ஏழு பேரையும் இலை ஷெட்டுக்குக் கூட்டிப்போய்த் தராசில் நிறுத்தினேன். உன் அக்காள் எடையை இங்கே எழுதினால் இந்தக் கடிதம் தபால் பெட்டியைப் பார்க்காது. அன்றைக்கு நல்ல மழை, எல்லாரும் நனைந்து ஸ்வெட்டரோடு நின்றார்கள். என் கை பழக்கம் என்னை விடுமா. ஒவ்வொருவர் எடையிலும் தண்ணீருக்குப் பத்து சதவீதம் கழித்தேன், சாக்குக்குக் கழிக்கிற மாதிரி ஸ்வெட்டருக்கு இரண்டு கிலோ கழித்தேன், சுத்த எடையை நோட்டில் ஏற்றினேன். மற்றவர்கள் ஏறி இறங்கிப் போனார்கள். அக்கா மட்டும் தராசை விட்டு இறங்காமல் நின்றாள். "முப்பது வருசமா என் கொழுந்துல கழிச்சே, சரி. இப்ப என்னையவே கழிக்கிறியா? தண்ணிக்குக் கழிக்காதடா ராசு, நான் காஞ்ச எலை" என்றாள். தராசில் நிற்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள் என்று நான் கண்டுகொள்ளவில்லை.

பக்கத்துத் தோட்டம் பாலமுருகனிடம் ஃபேக்டரிக்குப் போக இருந்த இலையைக் கேட்டு வாங்கி, ஆளுக்கு இரண்டு சாக்கு வீதம் எடை போட்டு, சாக்கில் சாக்பீஸால் பெயர் எழுதி, அவரவர் சீட்டில் வைத்து பெல்ட் மாட்டினோம். அக்கா சாக்கை முன் சீட்டில் வைத்தேன், அது என் உத்தரவு. சுரேஷ் ஓட்ட, நானும் ஷிஜோவும் நடுவில் இலையோடு இலையாக உட்கார்ந்து, கோத்தகிரி தாண்டி குஞ்சப்பனை வரை இறங்கினோம். அங்கே செக்போஸ்டில் நிறுத்தினார்கள். இலை எல்லாம் ஃபேக்டரிக்கு மேலே போகும்போது இது மட்டும் கீழே போகிறதே என்று அந்த மனிதருக்குச் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். "என்னங்க இது?" என்றார். "குடும்பமுங்க" என்றேன். என் நோட்டிலிருந்த பெயர்களைப் படித்துவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். "இதுல தெய்வம்மா யாருங்க?" என்றார். ஜன்னல் பக்கம் இருந்த பெரிய சாக்கைக் காட்டினேன். டார்ச்சை அணைத்தார், "பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டார். திரும்பி ஏறும்போது ஐந்தாவது வளைவில் புகை வந்தது. "வண்டி ஸ்வாசம் எடுக்குது சேட்டா" என்றார் ஷிஜோ. கால் மணி நேரம் ஸ்வாசம் எடுக்க விட்டோம், பிறகு ஏறிவிட்டது. மூடிய வண்டியில் பாலமுருகன் இலைதான் சூடேறிச் சிவந்து வீணாகிவிட்டது, அவன் மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்த சுரேஷ் தலையில் கை வைத்தான். "அப்பா, நம்ம எடை மொத்தம் நானூத்திப் பத்து கிலோ. நீங்க கழிச்சுக் கழிச்சு முன்னூத்தி அம்பத்தஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. அம்பத்தஞ்சு கிலோ குறையுது." ஐம்பத்தைந்து கிலோ யார் எடை தெரியுமா. சின்னம்மை அக்காவின் எடை. வீடே என்னைப் பார்த்தது. அவளை ஏற்றத்தான் வண்டி, அவளையே மறுபடியும் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன் என்றால் எனக்கு எப்படி இருக்கும். ஆனால் நான் அசரவில்லை. இலையையும் அப்படித்தானே எடை போட்டேன், அதிலும் தண்ணீருக்குப் பத்து சதவீதம் கழித்தேன், சாக்குக்கு ஒரு கிலோவாக ஆளுக்கு இரண்டு கிலோ கழித்தேன். ஆளுக்கும் கழிவு, இலைக்கும் கழிவு, ஆகவே கூடப் போன நாங்கள் மூன்று பேர் போக வண்டி சுமந்த இலையே முழு நானூற்றுப் பத்து. அக்கா வண்டியில்தான் இருந்தாள். பேப்பரில் போட்டுக் காட்டினேன். சுரேஷ் மூன்று தரம் கூட்டிப் பார்த்துவிட்டு, "சரிதான்ப்பா" என்றான். அவன் அப்படிச் சொல்லி எத்தனை வருடம் ஆயிற்று.

ஆகவே ஷிஜோவுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அடுத்தவன் தலைவலி என்று நீ சொன்னாயே, ஆமாம், வாங்கிவிட்டேன், இனி அது என் தலைவலி, உனக்கு மாத்திரை வேண்டாம். கார்த்திகை இருபத்திரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு உன் வாசலில் எங்கள் வேன் நிற்கும். வைப்பர் ஆடினால் ஹாரன் அடிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு நீ வெளியே வந்து கதவைத் திறந்துவிட வேண்டும், உள்ளிருந்து திறக்காது. முதலில் இறங்குவது என் அக்கா. உன் சம்சாரத்தை ஆரத்தியோடு நிற்கச் சொல். ஏழு இலை போடு. ஒன்று குறைந்தாலும் நான் சாப்பிட மாட்டேன்.

உன் சம்சாரத்துக்கு என் அன்பும், உன் மகளுக்கு எங்கள் எல்லாருடைய ஆசீர்வாதமும், புது வீட்டுக்குக் கண் படாமல் இருக்க உன் அக்காள் முடிந்து வைத்திருக்கும் எலுமிச்சம்பழமும் நேரில்.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்காத மச்சான்,
ராஜரத்தினம்.

பின்குறிப்பு: அக்காவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் எங்கள் வீட்டில் எந்தக் கடிதத்தையும் ஒட்டுவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு தரம் வாசித்துக் காட்டுவது வழக்கம். இதையும் வாசித்தேன். அவள் கண் கலங்குவாள் என்று நினைத்து மெதுவாகத்தான் வாசித்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. முடிந்ததும் கேட்டாள், "எடம் பத்தாமத்தான் நான் நிக்கிறேன்னு உனக்கு யாருடா சொன்னது? எஸ்டேட்டுல ஞாயித்துக்கெழமை லீவு இருந்துச்சு. இந்த ஊட்டுல எனக்கு என்னிக்கு லீவு? நீங்க எல்லாம் ஊருக்குப் போற ரெண்டு நாளுதான். அதுலயும் தொணைக்குன்னு வாசுகிய விட்டுட்டுப் போறீங்க. அவளுக்கு மூணு வேளையும் நான்தான் ஆக்கிப் போடணும்."

வாசுகி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு வெட்கமாக இருந்தது. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கட்டுமா என்றேன். "எதுக்கு? வண்டிய வாங்கு. ஆறு பேரும் ஒண்ணாக் கெளம்புங்க, ஒருத்தரும் மிச்சம் நிக்கக் கூடாது. அடுப்பே பத்த வைக்க மாட்டேன். பன்னும் டீயும் போதும். எட்டு மணி வரைக்கும் தூங்குவேன்" என்றாள். உன் புது வீட்டைத் தை மாசம் அவளே பஸ்ஸில் வந்து பார்த்துக்கொள்வாளாம், ஜன்னல் சீட்டில், தனியாக.

ஆகவே மச்சான், ஆறு இலை போடு. ஆனால் இரண்டாம் நாளே எங்களை வழியனுப்பிவிடாதே. அக்கா நாலு நாள் லீவு கேட்டாள். நான் ஐந்து நாளாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இதில் ஒன்றும் கழிக்கவில்லை.