கம்ப்யூட்டர் லேபுக்கு ஆயுத பூஜை போட்ட கதை

அன்னிக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. காலேஜ் கம்ப்யூட்டர் லேபைத் துடைச்சு, பொட்டு வெச்சு, ஆயுத பூஜை போடணும். அவ்ளோதான்.

காலேஜ்னதும் பெரிய கேட்டு, மரம், மைதானம்னு நினைச்சுக்காதீங்க. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னாடி, ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடி. கம்யூனிட்டி காலேஜ். படிப்பைப் பாதியில விட்டவங்க, கல்யாணம் பண்ணிக்கிட்டு வீட்டோட இருக்கறவங்க, யார் வேணா சேரலாம்.

நான் ரெண்டாவது ரகம். பையன் ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சதும், இரும்புலியூர்ல வீட்டுக்குள்ள உக்காந்து மத்தியான சீரியல் பாத்து அழப் பிடிக்காம, நெட்வொர்க்கிங் டிப்ளமோல போய்ச் சேந்துட்டேன். நெட்வொர்க்கிங்னா என்னன்னு சேந்ததுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அது வேற விஷயம்.

கிளாஸ்ல எல்லாம் மீசை இப்பதான் முளைக்கற பசங்க. அதனால சேந்த அன்னிக்கே நான் 'அக்கா' ஆயிட்டேன். எனக்கு வசந்தின்னு ஒரு பேர் இருக்கறதே அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுதான் ஞாபகம் வரும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். எங்க லேப் அசிஸ்டென்ட் பொண்ணு கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போயிடுச்சு. அந்த இடத்துக்கு எங்க செட்லயே ஒருத்தரைப் போடறதா பிரின்ஸிபால் மேடம் சொல்லியிருந்தாங்க. விஜயதசமி அன்னிக்குப் புது பேட்ச் அட்மிஷன். அந்த ஃபங்ஷன் முடிஞ்சதும் யாருன்னு சொல்லிடுவாங்கன்னு பேச்சு.

எனக்கு அந்த வேலை வேணும். ரொம்பவே வேணும். எனக்குன்னு ஒரு நாற்காலி, எனக்குன்னு ஒரு சாவிக்கொத்து. எங்க வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனா நான் படிக்கறதைப் பத்தி யார் கேட்டாலும், "ஏதோ அவளுக்கு டைம் பாஸ் ஆவுது"ன்னு சிரிப்பார் பாருங்க, அப்ப எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அந்தக் கோவத்துல நான் என்ன பண்ணேன்னா, வேலை கிடைச்சாச்சுன்னு எங்க தெரு முழுக்க முன்கூட்டியே சொல்லிட்டேன். வாய் சும்மா இருந்தாத்தானே.

லேப் இன்சார்ஜ் ஸ்டீபன் சார். தங்கமான மனுஷன். அவர் சர்ச்சுக்குப் போறவர், பூஜை விஷயம் எதுவும் தெரியாது. "வசந்திம்மா, நீங்களே பாத்துக்கங்க. எது செய்யலாம், எது செய்யக் கூடாதுன்னு சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்"ன்னார்.

இத்தனை மாசமா அவர் சொல்லி நான் கேட்டுக்கிட்டிருந்தேன். இப்ப நான் சொல்லி அவர் கேக்கப் போறார். எனக்குத் தலைகால் புரியல.

கூடமாட ஒத்தாசைக்குச் செல்வம்னு ஒரு பையன், என் கிளாஸ்தான். கோவளம் பக்கத்துக் குப்பத்துலேர்ந்து பஸ் மாறி மாறி வருவான். அவங்கப்பா கடலுக்குப் போறவர், அம்மா மீன் விக்கறாங்க.

"எங்கூட்ல போட்டு, எஞ்சின், வலை எல்லாத்துக்கும் பூ சுத்துவோம்க்கா. பூ வேலைய எங்கைல வுடு, நீ மத்தத பாரு"ன்னான்.

நான் மத்ததைப் பாத்தேன். அங்கதான் வினை ஆரம்பம்.

லேப்ல ஸ்விட்ச்சுன்னு ஒண்ணு உண்டு. லைட் போடற ஸ்விட்ச் இல்ல. எல்லா கம்ப்யூட்டர்லேர்ந்தும் வர்ற ஒயருங்க வந்து சேர்ற ஒரு டப்பா. அதுல வரிசையா ஓட்டைங்க. ஒயரைச் சொருகினா அந்த ஓட்டைக்கு மேல குட்டியா ஒரு பச்சை லைட் எரியும். ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரோட பேசணும்னா இந்த டப்பா வழியாத்தான் பேசணும்.

அந்த டப்பா மேல இருந்த தூசி இருக்கே, வாங்கின நாள்லேர்ந்து யாரும் தொடல போல. இது பூஜைக்கு ஆகாதுன்னு, சொருகியிருந்த ஒயர் எல்லாத்தையும் புடுங்கிக் கீழ போட்டேன். டப்பாவைத் துடைச்சேன். ஒவ்வொரு ஒயரையும் ஈரத்துணியால உருவி உருவித் துடைச்சேன். ஒவ்வொண்ணுக்கும் சந்தனம் வெச்சு, அது மேல குங்குமம் வெச்சேன். அப்புறம் ஒண்ணு விடாம எடுத்துத் திரும்பச் சொருகினேன்.

எல்லாம் முடிஞ்சுது. ஒரே ஒரு ஒயரோட முனை மட்டும் அம்போன்னு கீழ தொங்கிக்கிட்டிருந்தது.

சாமிக்கு வெக்கற இடத்துல ஒண்ணு மட்டும் இப்படி அனாதையா தொங்கலாமா? டப்பாவுல கடைசி ஓட்டை காலியா இருந்தது. எடுத்துச் சொருகிட்டேன். அப்பாடா, இப்பதான் பாக்க லட்சணமா இருக்குன்னு மனசுக்கு ஒரு நிம்மதி.

செல்வம் அது மேல சாமந்திச் சரத்தைச் சுத்து சுத்துன்னு சுத்தினான். டப்பாவும் தெரியல, ஒயரும் தெரியல. வெறும் பூவும், நடுவுல குட்டிக் குட்டி ஜன்னலும்தான்.

ஸ்டீபன் சார் வந்து பாத்தார். "நல்லா இருக்கும்மா. ஒரு தடவை ஆன் பண்ணிப் பாத்துட்டு வெச்சுடலாமா? எல்லாத்தையும் கழட்டி மாட்டியிருக்கீங்களே."

"ஐயோ, கூடவே கூடாது சார். பூஜையில வெச்சாச்சு. இனிமே விஜயதசமி அன்னிக்குத்தான் தொடணும்."

"ஒரே ஒரு நிமிஷம்மா."

"ஒரு செகண்ட் கூடத் தொடக் கூடாது சார்."

பாவம், கையைக் கட்டிக்கிட்டு ஒதுங்கி நின்னார். அந்த மனுஷன் வாழ்க்கையில அவ்ளோ சரியா ஒண்ணு சொல்லியிருக்க மாட்டார். நானும் அவ்ளோ உறுதியா ஒண்ணை மறுத்திருக்க மாட்டேன்.

ஒரே ஒரு குறை. பூசணிக்காய் உடைக்கல. கீழ பாத்திரக் கடைக்காரர், "என் வாசல்ல உடைச்சு எவனாவது வழுக்கி விழுந்தா நான் பொறுப்பில்ல"ன்னு கத்தினார். சரி போகுதுன்னு ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி வெச்சு முடிச்சுட்டேன்.

விஜயதசமி காலையில லேப் ரொம்பி வழிஞ்சுது. புதுசா சேர வந்த பசங்க, கூட அப்பா அம்மா. எங்க வீட்டுக்காரர் வேற லீவுங்கறதால சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு வந்து முன்வரிசையில உக்காந்துட்டார். தெருவெல்லாம் சொல்லியாச்சு, அவர் மட்டும் பாக்கலன்னா எப்படின்னு நான்தான் கூட்டிக்கிட்டு வந்தேன்.

ப்ரோக்ராம் இதுதான். பிரின்ஸிபால் மேடம் ஒரு கம்ப்யூட்டர்ல 'வெல்கம்'னு அடிப்பாங்க. எல்லா கம்ப்யூட்டர் திரையிலயும் ஒரு சின்னப் பெட்டி எழும்பி அதே 'வெல்கம்' வரும். அப்பல்லாம் விண்டோஸ்ல அதுக்குன்னே ஒரு கட்டளை உண்டு. இன்னிக்கு இதைச் சொன்னா என் பையனே சிரிப்பான். அன்னிக்கு அது பெரிய வித்தை. அதைப் பாத்துட்டுத்தான் பாதிப் பேர் ஃபீஸ் கட்டுவாங்க.

நான் கற்பூரம் காட்டி, எல்லாத்தையும் ஆன் பண்ணேன்.

ஸ்விட்ச் டப்பாவுல லைட்டுங்க எரிய ஆரம்பிச்சுது பாருங்க, பூவுக்கு நடுவுல அத்தனை லைட்டும் ஒண்ணா சேந்து படபடபடன்னு அடிச்சுக்குது. எனக்கே சிலிர்த்துப் போச்சு.

"லைட்டிங் நல்லாருக்கே, சீரியல் செட் எங்க வாங்கினாங்க?"ன்னு ஒரு அப்பா கேட்டார்.

"என் வொய்ஃப்தான் எல்லாம் பண்ணது"ன்னு எங்க வீட்டுக்காரர் நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னார். முதல் தடவையா டைம் பாஸ்ங்கற வார்த்தை வரல. நான் அப்படியே பூரிச்சுப் போயிட்டேன். இந்த டப்பா என்னிக்காவது இப்படி மினுக்கியிருக்கான்னு யோசிக்கத் தோணுச்சா? தோணல.

மேடம் 'வெல்கம்' அடிச்சாங்க. என்டர் தட்டினாங்க. எல்லாரும் திரையைப் பாத்தோம்.

ஒண்ணும் வரல.

மறுபடியும் தட்டினாங்க. ம்ஹூம்.

ஸ்டீபன் சார் ஓடி வந்து உக்காந்தார். ஒரு கம்ப்யூட்டர்லேர்ந்து இன்னொண்ணைக் கூப்பிட்டுப் பாத்தார். 'ரெக்வெஸ்ட் டைம்ட் அவுட்'னு வரிசையா வந்துது. அதாவது, கூப்பிட்டேன், யாரும் ஏன்னு கேக்கல. சார் வேர்த்து வழிய ஒவ்வொரு கம்ப்யூட்டரா அணைச்சு அணைச்சுப் போட்டார். எல்லாம் நல்லா இருக்கு, ஆனா ஒண்ணோட ஒண்ணு பேச மாட்டேங்குது.

செல்வம் என் காதுகிட்ட வந்தான். "இன்னாக்கா, சந்தனம் உள்ள பூந்துகினு கீதா?"

நான் அவனைத் தள்ளிவிட்டேன். "சும்மா இருடா. சார் நாற்காலியில உக்காந்து அந்த மெசேஜையே திருப்பித் திருப்பி அனுப்பிக்கிட்டு இரு, போ."

பெத்தவங்க மத்தியில சலசலப்பு. பொத்தேரியிலேர்ந்து பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்திருந்த ஒரு அம்மா எழுந்து, "பூஜையெல்லாம் முறையா பண்ணீங்களா? பூசணிக்காய் உடைச்சீங்களா?"ன்னு கேட்டாங்க.

எலுமிச்சம்பழம்னு நான் மெதுவா சொன்னேன்.

"அப்ப அதான்"னு மூணு நாலு பேர் ஒண்ணா சொன்னாங்க. கேஸ் முடிஞ்சுபோச்சு.

ஸ்டீபன் சார் எழுந்து என்கிட்ட வந்தார். நெட்வொர்க்குக்கு ஏழு அடுக்குன்னு எங்களுக்கு மாசக்கணக்கா நடத்தின மனுஷன், குரலைத் தாழ்த்திக்கிட்டு, "ஏம்மா, பூசணிக்காய் அவ்ளோ முக்கியமா?"ன்னு கேட்டார்.

எனக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியல.

அந்தப் பொத்தேரி அம்மா பொண்ணு கையைப் புடிச்சு, "வா, வேற எங்கியாவது பாத்துக்கலாம்"னு கிளம்பினாங்க. அவங்க கிளம்பினா பின்னாடியே நாலு பேர் கிளம்புவாங்க. புது பேட்ச்சே இல்லன்னா லேப் எதுக்கு, லேபுக்கு அசிஸ்டென்ட் எதுக்கு? எங்க வீட்டுக்காரர் என்னைப் பாக்காம ஃபேனைப் பாத்துக்கிட்டிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கல.

"வசந்தி, நீங்கதானே பூஜை பண்ணீங்க?"ன்னாங்க மேடம். எல்லார் முன்னாடியும். "ஏதாவது விட்டுப் போயிருந்தா இன்னொரு தடவை பண்ணிடுங்க. சீக்கிரம்."

தட்டுல கற்பூரத்தை வெச்சு ஏத்தினேன். சாமி, நான் பாஸாகலன்னாலும் பரவாயில்ல, இந்த வேலையை மட்டும் குடுத்துடுன்னு வேண்டிக்கிட்டே ஸ்விட்ச்கிட்டப் போனேன். பூ பத்திக்கப் போகுதேன்னு இன்னொரு கையால சாமந்திச் சரத்தை ஒதுக்கினேன்.

ஒதுக்கினா, ஒரு ஒயர். முதல் ஓட்டையிலேர்ந்து கிளம்புது. வளைஞ்சு வருது. கடைசி ஓட்டைக்குள்ள போகுது. அதே டப்பா.

அந்த ஒயர் எந்தக் கம்ப்யூட்டருக்கும் போகல. அது சார் எப்பவாவது லேப்டாப் கொண்டு வந்தா மாட்டறதுக்குன்னு சும்மா விட்டு வெச்ச ஒயர். அதோட ரெண்டு முனையையும் நான் ஒரே டப்பாவுல சொருகி வெச்சிருக்கேன்.

இப்படிச் சொருகினா என்ன ஆகும்னு சார் கிளாஸ் எடுத்திருக்கார். ஒரு பக்கம் வெளிய போன சேதி மறுபக்கம் வழியா அதே டப்பாவுக்குள்ள வரும். அது மறுபடியும் வெளிய போகும், மறுபடியும் உள்ள வரும். நிக்காம சுத்திச் சுத்தி, ஒண்ணு நூறா பெருகி, கடைசியில வேற எதுக்குமே வழி இல்லாம அடைச்சுக்கும். பேரு லூப். பரீட்சையில அந்தக் கேள்விக்கு நான் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, முழு மார்க் வாங்கியிருக்கேன்.

வலது கையில தீபாராதனை. இடது கையால பூவுக்குள்ள விட்டு ஒரே இழு.

படபடப்பு நின்னுது. லைட்டுங்க பழையபடி ஒண்ணொண்ணா, அடக்க ஒடுக்கமா மினுக்க ஆரம்பிச்சுது.

அதே நொடி எல்லாத் திரையிலயும் டிங்னு ஒரு பெட்டி எழும்புச்சு. மேடம் எட்டிப் பாத்தாங்க. பெத்தவங்க எட்டிப் பாத்தாங்க. அதுல இங்கிலீஷ் எழுத்துல, 'அக்கா சுண்டல் எப்போ'ன்னு இருந்தது.

'வெல்கம்' அடிச்சு அடிச்சு அலுத்துப்போன செல்வம், எப்படியும் போகப் போறதில்லன்னு மனசுல இருக்கறதை அடிச்சுவிட்டிருக்கான்.

யாரோ கொல்லுன்னு சிரிச்சாங்க, அதுக்கப்புறம் மொத்த லேபும் சிரிச்சு, கையும் தட்டிடுச்சு. பொத்தேரி அம்மா பொண்ணு கையை விட்டுட்டு நேரா என்கிட்ட வந்து, "கொண்டாங்கம்மா"ன்னு தீபாராதனையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. பின்னாடியே ஒரு வரிசை நின்னுது. எங்க வீட்டுக்காரரும் அந்த வரிசையில வந்து, பயபக்தியா ஒத்திக்கிட்டுப் போனார்.

ஸ்டீபன் சார் மட்டும் தட்டைப் பாக்கல. என் இடது கையைப் பாத்தார். அதுல பொட்டு வெச்ச ஒயர் தொங்கிக்கிட்டிருந்தது.

"லூப்பா?"ன்னு உதட்டை மட்டும் அசைச்சுக் கேட்டார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் ஒயரை வாங்கி அழகா சுத்திப் பேன்ட் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டார்.

அட்மிஷன் அமோகமா நடந்துது. சுண்டலும் குடுத்தாச்சு. கடைசியில மேடம் மைக்கைப் புடிச்சாங்க. "இனிமே வசந்திதான் நம்ம லேப் அசிஸ்டென்ட். அவங்க கைராசியை எல்லாரும் பாத்தோம். வெள்ளிக்கிழமை தோறும் லேபுக்கு இதே மாதிரி கற்பூரம் காட்டிடணும் வசந்தி, அதுவும் உங்க வேலைதான்."

மாசக்கணக்கா நெட்வொர்க்கிங் படிச்சு வேலை வாங்கிட்டேன், கற்பூரம் காட்ட. இருந்தாலும் வேலை வேலைதானே. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல இருந்தவர்கிட்ட, "இங்கதான் வேலை பாக்கறா"ன்னு சொல்லிக்கிட்டிருந்தது எனக்குக் கேட்டுது. கண்ணு கலங்கிடுச்சு, பொய் சொல்லல.

எல்லாரும் கிளம்பினதும் ஸ்டீபன் சார் சாவிக்கொத்தைக் கொண்டு வந்து என் கையில குடுத்தார். குடுத்துட்டு, ரொம்ப மரியாதையா ஒண்ணே ஒண்ணு சொன்னார்.

"கற்பூரத்தை நீங்க காட்டுங்கம்மா. கேபிளை நான் சொருகிக்கறேன்."