சீலிங்கில் நடந்த வாத்து

மைசூரில் வலி தெரியாமல் பல் பிடுங்குகிற டாக்டர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வலித்தது பல்லா, பாட்டா என்று நோயாளிக்கே தெரியாதபடி பிடுங்குகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் அக்ரஹாரத்தில், நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருக்கிறார். வாசல் போர்டில் அவருடைய பெயர் இருக்கிறது. யாரும் அதைப் படித்ததில்லை. ஆட்டோவில் ஏறி 'கிர்ர் டாக்டர்' என்றால் போதும், டிரைவர் ஒரு கையால் தன் கன்னத்தைத் தடவியபடியே கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

நான் இரண்டாவது மாடி. விளம்பரங்களைத் தமிழாக்கிப் பிழைக்கிறவன். எனக்கும் டாக்டருக்கும் நடுவில் வீட்டுக்காரர் சரோஜா மேடம். கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். அவருடைய அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூர் வந்து கட்டிய வீடு இது. மேடம் ஒருவரை முறைத்தால், ஐந்தாம் வகுப்பில் செய்யாத வீட்டுப்பாடம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

குடிவந்த புதிதில் எனக்குக் கடைவாய்ப் பல் வலி. கீழேயே டாக்டர் இருக்க எதற்கு அலைய வேண்டும் என்று போய்ப் படுத்தேன். வலித்தால் இடது கையைத் தூக்கச் சொன்னார். டிரில் 'கிர்ர்' என்றது. தூக்கினேன். கிர்ர் நிற்கவில்லை. இரண்டு கையையும் தூக்கினேன். ஒரு காலையும் தூக்கினேன். டாக்டர் நிதானமாக டிரில்லை என் கண்ணுக்கு எதிரே கொண்டுவந்து காட்டினார். அது நின்றுபோயிருந்தது. கிர்ர் மட்டும் தொடர்ந்தது.

"மெஷின் நிறுத்தி ரெண்டு நிமிஷம் ஆச்சு சார். இது நார்வேல ஒருத்தர் ஐஸ் பாறையை ரம்பத்தால அறுக்கறார். இன்னும் முப்பது நிமிஷம் அறுப்பார். எப்படி இருக்கு?"

வாய் நிறையப் பஞ்சு. "ஆ" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஓடிப்போய் என் சிகிச்சை அட்டையில் எழுதினார். பிறகு எடுத்துப் பார்த்தேன். 'கீழ் இடது கடைவாய், வேர் சிகிச்சை. ஐஸ் இசை. ரெஸ்பான்ஸ்: ஆ, நீளமாக.'

எல்லோருக்கும் இப்படி ஓர் அட்டை உண்டு. மண்டி மொஹல்லாவில் பூண்டு வியாபாரம் செய்யும் ஒருவர், எச்சில் உறிஞ்சும் குழாய் நழுவித் தொண்டைக்குள் போவதாகக் கையை ஆட்டி ஆட்டிக் காட்டியிருக்கிறார். அவருடைய அட்டையில் 'கையசைத்து ரசித்தார்' என்று இருந்தது. நாக்கு மரத்துப்போன ஒரு கல்லூரிப் பெண், வலியில் கண்ணீர் விட்டாள். 'உருகினார். இதே போல இன்னும் கேட்கத் தரலாம்.' அந்தப் பெண் அதன்பின் வேறு ஊரில் போய் எம்.ஏ. சேர்ந்தாள் என்று கேள்வி.

காதுக்கு இது. கண்ணுக்கு சீலிங்.

நாற்காலியில் மல்லாந்து கிடப்பவன் வேறு எங்கே பார்ப்பான்? டாக்டர் புரொஜெக்டரை மேல்நோக்கித் திருப்பி, எந்தத் தியேட்டரும் தொடாத உலக நாட்டுப் படங்களை சீலிங்கில் ஓட்டுவார். எனக்கு ஓட்டியதில் ஒரு கிழவன், ஒரு வாத்து. வாத்தின் கழுத்தில் கயிறு. அதைச் சந்தையில் விற்கப் பனியில் நடந்து போகிறான். அவ்வளவுதான் கதை. முதல் நாள் முழுக்க நடந்தான். பின்னணியில் ஓர் அழகான ஏரி தெரிந்தது. படத்தை நிறுத்திய பிறகும் ஏரி இருந்தது. மேடம் வீட்டுக் குளியலறையிலிருந்து ஒழுகிய ஈரம் அது. சப்டைட்டில் வரும்போதெல்லாம் டாக்டரின் தலை குறுக்கே வந்து மறைத்தது.

"மறைக்குதா சார்? வாழ்க்கையும் அப்படித்தானே" என்பார், என் ஈறில் ஊசியைக் குத்தியபடி.

மூன்று நாள் உட்கார வைத்தார். மூன்றாம் நாள் கிழவனும் வாத்தும் ஓர் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். அக்கரையில் சந்தை. படகு வருகிறது. அப்போது டாக்டர் விளக்கைப் போட்டு, "பல்லு முடிஞ்சுது சார்" என்றார்.

"வாத்து?" என்றேன்.

"அதுக்கு நாலாவது சிட்டிங் வேணும். உங்க பல்லு மூணுலயே சரியாயிடுச்சே!" சொல்லும்போது அவருக்கே வருத்தம். மனிதர் அபாரமான கைக்காரர். அதுதான் அவருக்கு எதிரி. எந்தப் பல்லும் ஒரு படம் முடிகிறவரை அவரிடம் தாக்குப்பிடித்ததில்லை. "ஒரே ஆசைதான் சார். ஒரே ஒரு ஆள் ஒரு படத்தை முழுசா பாத்து எழுந்திருக்கணும்."

"நான் இருக்கேனே, போடுங்க."

"வலி இருக்கா?"

"இல்ல."

"அப்ப வேண்டாம். வலி இல்லாதவங்க மரியாதைக்கு நல்லாருக்குன்னு பொய் சொல்வாங்க. வலிக்கறவங்க ரெஸ்பான்ஸ்தான் சார் சுத்தம்."

கெஞ்சிப் பார்த்தேன். மசியவில்லை.

இத்தனையும் மேடத்தின் தரைக்குக் கீழே நடந்தது என்பதை மறக்கக் கூடாது. ஐஸ் அறுப்பதைச் சகித்தார். தகர டப்பா உருட்டும் ஜப்பான் இசையைச் சகித்தார். நவராத்திரி முதல் நாள் டாக்டர் ஒரு புதிய இசைத்தட்டைப் போட்டார். பதினோரு நிமிஷம் அதில் சத்தமே கிடையாது. ஸ்பீக்கர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அவர் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். பன்னிரண்டாவது நிமிஷம் யாரோ ஓர் இரும்புப் பீப்பாயை ஓங்கி அடித்தார்கள்.

மேலே மேடம் அப்போதுதான் கொலுவின் உச்சிப்படியில் பட்டத்து ராணி பொம்மைக்குப் பக்கத்தில் ராஜா பொம்மையை வைத்துக் கையை எடுத்திருக்கிறார். வீடு அதிர்ந்தது. ராணி அப்படியே நின்றாள். ராஜா தலைகுப்புற விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டார். மேடத்தின் அம்மா கல்யாணத்தில் சீராக வந்த ராஜா.

டாக்டர் பதறி மேலே ஓடினார். பல் அடைக்கும் சிமெண்டால் அரை மணியில் ஒரு மூக்கு செய்து ஒட்டினார். பழையதைவிட எடுப்பான மூக்கு. மேடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூக்கை ஒட்டிட்டீங்க, ஆய்த்து. எனக்கு நிம்மதியை எதை வெச்சு ஒட்டுவீங்க டாக்டரே? தசரா முடிஞ்சதும் கிளினிக்கைக் காலி பண்ணிடுங்க."

டாக்டர் வாதாடவில்லை. இசைத்தட்டுகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்க ஆரம்பித்தார். "வேற எடத்துல சீலிங் இவ்ளோ ஒயரம் கிடைக்காது சார்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். நானும் ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டிக் கொடுத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. சண்டை வேறு, பூஜை வேறு என்பது மேடத்தின் கொள்கை. வருஷா வருஷம் போல அன்று காலையும் பூவும் குங்குமமுமாகக் கீழே இறங்கி வந்தார். டிரில்லுக்குப் பொட்டு வைத்து, கழுத்தில் சாமந்திச் சரம் சுற்றினார். குறடுகளுக்குப் பொட்டு. குறடுகளைக் கொதிக்க வைக்கும் பெட்டிக்குப் பொட்டு. புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் இருக்கும் மேஜைக்கு வந்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"இதெல்லாம் ஆயுதமா? சனியன்!"

போகும்போது கண்டிப்பாகச் சொன்னார். "நாளைக்குக் காலைல நான் வந்து மறுபூஜை பண்ற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாது."

மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒப்பட்டு. நம் போளிதான், பெயர்தான் வேறு. மூன்றாவது ஒப்பட்டில் மேடத்தின் பல் சுரீரென்றது. அரை மணியில் கன்னம் வீங்கிவிட்டது. நான் தெரிந்த டாக்டர்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஊர் முழுக்க டிரில்களுக்கு மாலை. ஒருவரும் எடுக்கவில்லை. தன் வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு வாயைத் திறந்து காட்டுவதா என்று இத்தனை வருஷம் டாக்டரிடம் வராத மேடத்தை, கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனேன். டாக்டர் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"டாக்டரே, ஏதாவது பண்ணுங்க. உயிர் போவுது."

வாய்க்குள் எட்டிப் பார்த்த டாக்டர், சாமந்தி சூடிய டிரில்லையும் பார்த்தார். "பத்து நிமிஷ வேலை மேடம். பூவை எடுத்துடட்டுமா? நீங்க வெச்ச பூ. நீங்களே சொல்லுங்க."

மேடம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். கண்ணில் நீர் வழிந்தது. "கூடாது" என்றார்.

"அப்ப மாத்திரைதான். அது வேலை செய்யறதுக்கு ஸ்வல்ப நேரமாகும்."

"அதுவரைக்கும் என்ன பண்றது?"

அந்த அறையில் பொட்டு இல்லாமல், பூ இல்லாமல், தொடுவதற்குத் தடையில்லாமல் இருந்தது ஒரே மேஜைதான். மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

நானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "உங்களுக்கு வலி இருக்கா?" என்றார் டாக்டர். பதில் சொல்வதற்குள் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்.

வெளி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் மேடத்தின் குரல், வீங்கிய வாயோடு. "ஏன்ரீ, நடந்துகிட்டே இருக்கானே, இவங்க ஊர்ல பஸ்ஸே இல்லையா?" கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்குத் தின்ன ஏதாவது குடுத்தானா? காலைலேர்ந்து அவன் மட்டும் ரொட்டி திங்கறான்!" பிறகு ஒரு அதட்டல், வகுப்பறையில் போடுவது. "அந்தக் கயிறை லூஸ் பண்ணுடா!" அதற்கப்புறம் சத்தமே இல்லை. தெருவில் யாரோ வண்டிக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். உள்ளே ஓர் அசைவும் கேட்கவில்லை. டாக்டர் அன்று எந்தப் பல்லையும் சரிசெய்து கெடுத்துவிட முடியாது. படம் தன் பாட்டுக்கு ஓடியது.

கதவு திறந்தபோது சாயங்காலமாகியிருந்தது. மேடத்தின் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ரொம்ப வலிக்குதா மேடம்?"

"எது?"

"பல்லு."

"அது கிடக்கு. அந்த வாத்து..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். நாலு படி போனவர் திரும்பினார். "டாக்டரே, இந்தப் பெட்டியெல்லாம் ஏன் நடைல கிடக்கு? பிரிச்சு உள்ள அடுக்குங்க."

காலி பண்ணுகிற பேச்சு அத்தோடு போயிற்று. டாக்டர் கையில் மேடத்தின் புது அட்டை. ரெஸ்பான்ஸ் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. "படம் முடிஞ்சு கடைசிப் பேர் போற வரைக்கும் பாத்தாங்க சார்" என்றார். மூக்கை உறிஞ்சினார்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு மேடம் நேராகப் புரொஜெக்டரிடம் போய் முதல் பொட்டை வைத்தார்.

"ஐயோ மேடம், நாளைக்கு வரைக்கும் படம் போட முடியாதே!" என்று அலறினார் டாக்டர்.

"அதுக்கும் ஒரு நாள் லீவு வேண்டாமா டாக்டரே?"

வாத்து என்ன ஆயிற்று என்று மேடத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். "அது சொல்லித் தெரிஞ்சுக்கறது இல்ல. போய்ப் பாருங்க" என்கிறார். எப்படிப் பார்ப்பது? எனக்கோ கல்லைக் கடிக்கிற பற்கள். இரண்டு மாதமாக வேளைக்கு ஒரு மைசூர்பாகு தின்கிறேன். அந்த மனிதரின் கீழே வாயைப் பிளந்து மல்லாந்து கிடந்து, அவர் 'எப்படி இருக்கு சார்' என்று கேட்க, 'ஆ' என்று சொல்ல அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

இன்று காலை காபி குடிக்கும்போது வலது கடைவாயில் லேசாகச் சுருக்கென்றது. டம்ளரை வைத்துவிட்டு, கீழே ஓடினேன்.