தராசு அண்ணாச்சி தந்த கழிவு

அருப்புக்கோட்டையில் மனிதரை மெலிய வைத்தவை பல உண்டு. வெயில் மெலிய வைத்திருக்கிறது. விடுதிச் சாம்பார் மெலிய வைத்திருக்கிறது. ஆனால், தராசில் ஏறி நின்ற கணத்திலேயே ஒருவரை இரண்டு மூன்று கிலோ மெலிய வைத்தவர், நான் அறிந்தவரை, தராசு அண்ணாச்சி ஒருவர்தாம்.

பருத்திக் கமிஷன் கடையில் முப்பது ஆண்டுகள் எடை போட்டவர் அவர். கடை மூடப்பட்டபோது மூட்டை நிறுக்கும் இரும்புத் தராசை அவரே வாங்கிக்கொண்டார். அதைத் திருச்சுழிச் சாலையில் வெறுமனே கிடந்த பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றில் நிறுத்தி, உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் வரலாம் என்று அறிவித்தார். சர்க்கரை, முழங்கால் வலி, மூச்சிரைப்பு என்று மருத்துவர்களால் விரட்டப்பட்ட நாங்கள் பதினாறு பேர் போய்ச் சேர்ந்தோம். நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் ஆகையால், 'மெய்யெடை குறைப்போர் மன்றம்' என்று பெயரெழுதிப் பலகை மாட்டினேன். ஊர் அதைத் 'தராசுக் கூட்டம்' என்றே அழைத்தது.

நாள்தோறும் விடியலில் நடைப்பயிற்சி. வெள்ளிதோறும் எடை. அந்த எடை போடும் முறைதான் வேறெங்கும் காணாதது. பருத்தி வணிகத்தில் மூட்டையின் மொத்த எடையிலிருந்து சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, தூசிக்கு இவ்வளவு என்று கழித்துச் சொல்வது வழக்கம். அண்ணாச்சி எங்களுக்கும் அதே முறையைக் கையாண்டார். உடுத்த துணி சாக்கு. குடித்த தண்ணீர் ஈரம். எம்.ரெட்டியபட்டியிலிருந்து பேருந்தில் நின்றபடி வந்தவருக்குத் தூசிக் கழிவும் உண்டு. மருமகளோடு சண்டையிட்டுவிட்டு வந்த ஓர் அம்மையாருக்கு, "மனசுல வேற ஏத்திக்கிட்டு வந்திருக்கீக" என்று கால் கிலோ கூடுதலாகக் கழித்தார். எண்ணைச் சொன்னதும் மற்றப் பதினைந்து பேரும் கைதட்ட வேண்டும் என்பது விதி. தட்டாதவருக்கு அவ்வாரம் கழிவு கிடையாது.

எனக்கு ஐயம் எழுந்தது. ஒருநாள் மல்லாங்கிணறு சென்றிருந்தபோது, நியாயவிலைக் கடை ஊழியரைக் கெஞ்சி அரிசித் தராசில் ஏறி நின்று பார்த்தேன். அண்ணாச்சி சொன்னதைவிட மூன்று கிலோ கூடுதல். இதை மன்றத்தில் எடுத்துரைப்பது என் கடமை. எடுத்துரைக்கவில்லை. வெள்ளிதோறும் கிடைத்த கைதட்டலை இழக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மௌனத்தின் விலையை இன்னொருவர் செலுத்த நேர்ந்தது.

அவர் பெயர் செல்லத்தாயி. காராச்சேவுக் கடை வைத்திருந்தவர். குடலிறக்கத்தால் அடுப்படியில் நிற்கவே முடியாமல் வலியில் துடித்தார். எண்பது கிலோவுக்குக் கீழ் வந்தால்தான் மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய இயலும் என்று மதுரை மருத்துவர் கூறிவிட்டார். வந்து சேர்ந்த நாளில் செல்லத்தாயி தொண்ணூற்றிரண்டு.

அண்ணாச்சி அவருக்காகப் பட்ட பாடு கொஞ்சமன்று. தீபாவளி நேரத்தில் உப்புப் பார்க்கிறேன் என்று செல்லத்தாயி சேவைத் தின்றுவிடுவார் எனக் கடையிலேயே போய் உட்கார்ந்து, அந்தப் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். அண்ணாச்சியின் நாவுக்கு உப்பே உறைக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. அவ்வாண்டு தீபாவளிச் சேவைத் தின்ற ஊரார் பானை பானையாகத் தண்ணீர் குடித்தனர்.

ஐந்தாம் மாதம் ஒரு வெள்ளியன்று அண்ணாச்சி அறிவித்தார்: "சாக்கு, ஈரம் போக எழுபத்தொம்பதரை. போயிட்டு வா தாயி." நாங்கள் கை சிவக்கத் தட்டினோம். செல்லத்தாயி கடையைப் பூட்டிவிட்டு, பையில் மாற்றுச் சேலையோடு மதுரைக்குப் பேருந்து ஏறினார். மருத்துவமனைத் தராசு எண்பத்து மூன்று என்றது. அது சாக்கையும் அறியாது, ஈரத்தையும் அறியாது. குறித்திருந்த நாளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு அவரைத் திருப்பி அனுப்பினர்.

மறுநாள் காலை செல்லத்தாயி கிட்டங்கி வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"ஏன் அண்ணாச்சி, நான் என்ன பருத்தி மூட்டையா? அந்த நர்ஸம்மா முன்னால கூனிக் குறுகிப் போயிட்டேன். இன்னமே வரமாட்டேன். வலியோடயே கெடந்துட்டுப் போறேன்."

அண்ணாச்சி தராசின் கம்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"முப்பது வருசம் கமிஷன் கடையில கழிச்சேன் தாயி. ஒவ்வொரு தடவ கழிக்கிறப்பயும் பருத்தி வெளைச்சுக் கொண்டாந்த சம்சாரி மொகம் சுண்டிப்போகும். இங்க கழிச்சா எல்லா மொகமும் மலருது. அதுல மயங்கிப்போனேன். தப்புதான்."

செல்லத்தாயி வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த நாள் விடியலில் அவர் வீட்டு வாசலில் அண்ணாச்சி நின்றார், தலையில் ஒரு மூட்டையோடு. பந்தல்குடிச் சம்சாரி ஒருவரிடம் வாங்கிய பருத்தி. மூன்றரைக் கிலோ, தாம் செல்லத்தாயிக்குக் கழித்துக் கொடுத்த அதே எடை. அந்த எடையைச் செல்லத்தாயி உண்மையாகவே இறக்கும்வரை தாம் சுமந்து வருவதாகவும், கூட நடந்தால் போதும் என்றும் சொன்னார். பருத்தி மூன்றரைக் கிலோ என்றால் பார்வைக்கு ஓர் ஆட்டுக்கிடாய் அளவு இருக்கும். ஊர் பார்க்குமே என்ற வெட்கத்தாலேயே செல்லத்தாயி விறுவிறுவென்று நடந்தார். பின்னாலேயே மூட்டையும் ஓடியது.

ஷேர் ஆட்டோவிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, பருத்தி என்ன விலை என்று கேட்டார்.

"விக்கிறதுக்கில்லய்யா. இது இவுக எடை."

"மானத்த வாங்காதீக அண்ணாச்சி," என்றார் செல்லத்தாயி. ஆயினும் உடன் நடந்த நான் அன்று அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

வெள்ளிதோறும் கழிவின்றி எடை போடப்பட்டது. செல்லத்தாயி குறைந்த அளவுக்கு அண்ணாச்சி பருத்தியை அள்ளி வெளியே எடுப்பார். ஒரு வாரம் நூறு கிராம், ஒரு கைப்பிடிதான். ஒரு வாரம் எடை கூடிவிட்டது. எடுத்ததைத் திரும்பத் திணித்தார். கார்த்திகைத் தூறலில் மூட்டை நனைந்து கனத்தபோது, ஈரக் கழிவு போட்டுக்கொள்ளலாமே என்று நான் பரிவோடு கூறினேன்.

"இதுக்குக் கழிவு கெடயாது வாத்தியாரய்யா," என்று கழுத்தைத் தடவியபடி நடந்தார்.

மாசி மாதத்தில் ஒருநாள் அவர் தலையில் மடித்த வெறுஞ்சாக்கு மட்டும் இருந்தது. மருத்துவமனைத் தராசு எழுபத்தொன்பது என்றது. அறுவை நல்லபடி முடிந்தது. இப்போது செல்லத்தாயி கடையில் நிமிர்ந்து நின்று சேவு பிழிகிறார். உப்பு அவரே பார்க்கிறார், அளவாக இருக்கிறது.

அண்ணாச்சி மகள் வீட்டோடு இருக்கத் தூத்துக்குடிக்குப் போய்விட்டார். மன்றத்துக்கு மின்தராசு வந்துவிட்டது. அது மெய்யை மட்டுமே பேசும், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் வெள்ளிதோறும் அதிலிருந்து இறங்கும்போது, சாக்குக்கு அரை, ஈரத்துக்குக் கால் என்று அவர் குரலில் ஒருமுறை மனத்துக்குள் கேட்டுக்கொள்ளாமல் நான் வீடு திரும்பியதில்லை.