தோர்ண்டன் ஹீத்துக்கு இறங்கி வந்த சக்தி

சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் சக்தி இறங்கும். ஒன்பதரைக்கே மண்டபத்து வாசலில் வரிசை தொடங்கிவிடும். சவுத்தாலில் இருந்து ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள் வருவார்கள். ஆர்ச்வே கோயில் முருகனை இருபது வருடம் சுற்றியும் போகாத முழங்கால் நோவு, மாஸ்டரிடம் மூன்றே கிழமையில், இருபத்தொரு நாளில், போய்விட்டதாம். பாவம் முருகன், லண்டனில் அவருக்கும் தொழிற்போட்டி.

மாஸ்டரின் பெயர் மாஸ்டர் யோங். சீனாவில் பெயர் தெரியாத ஒரு மலையில், பெயர் சொல்லக்கூடாத ஒரு குருவிடம் பதினெட்டு வருடம் மூச்சுப் பழகியவர். போன வருடம் வரைக்கும் அவர் யோகராஜாவாக இருந்து குறொய்டனில் கார்ப்பெட் விற்றார். அவரிடம் கார்ப்பெட் வாங்கியவர்களே இப்போது வரிசையில் நின்றார்கள். கடையைப் பூட்டாமல் எப்போது மலைக்குப் போய் வந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சக்தி கோபித்துக்கொள்ளும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் தன் வித்தைக்குச் சொன்ன பெயர் சீகோங். அது சீனர்கள் நெடுங்காலமாகச் செய்துவருகிற பயிற்சி. மெதுவாக மூச்சு விட்டு, மெதுவாகக் கைகாலை அசைப்பது. நல்ல காரியம். பக்கத்துப் பூங்காவில் நாலைந்து சீன அம்மாக்கள் அதைச் செய்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போகிறார்கள். யார் போய்ச் சேர்ந்தாலும் காசு கேட்பதில்லை. ஆனால் சும்மா கிடைப்பதில் எங்கள் சனத்துக்கு என்றைக்கு நம்பிக்கை இருந்தது?

மாஸ்டரின் முறை வேறு, கட்டணமும் வேறு. தை மாதக் குளிரில் மண்டபத்து ஹீற்றர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார். வேறு சூடு கலக்கக் கூடாதாம். அறுபது பேரும் கைகளை விரித்துக் கண்ணை மூடவேண்டும். கண் திறந்தால் சக்தி ஒழுகிவிடும். பிறகு மேடையில் நின்று, வயிற்றை உள்ளே இழுத்து, "ஹா!" என்று ஒரு சத்தம். அரை நிமிடத்தில் உச்சந்தலையில் சூடு இறங்கும்.

"வருது! வருது!" என்று மண்டபமே கண்ணீர் விடும்.

சூட்டோடு ஒரு கட்டளையும் இறங்கும். மருந்து சக்தியை மறிக்கும், ஆகவே மருந்தை நிறுத்து.

கனகாம்பிகை நிறுத்திவிட்டார். வயது அறுபத்தேழு, சீனி வருத்தம் என்கிற நீரிழிவு. ஐந்து கிழமையாகக் குளிசையும் இல்லை, ஊசியும் இல்லை. வலது காலில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. அதைக் கண்டு பதறியவர் பக்கத்து வீட்டு பெர்னடெற். மன்னார்க்காரி, கத்தோலிக்கர். அந்த மண்டபத்தைத் துப்புரவாக்கி, பூட்டுகளின் திறப்பை வைத்திருப்பவரும் அவர்தான்.

"அக்கா, கால்விரல் கறுத்துக்கொண்டு வருது. எழும்புங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"கெட்டது வெளியிலை போகுது எண்டு மாஸ்டர் சொன்னவர்."

"விரலும் சேர்ந்து போகப்போகுது."

"நீ வேதக்காரி. உனக்கு உது விளங்காது."

"சீனாக்காரன்ரை வித்தை சைவத்திலை எந்தப் பக்கத்திலை கிடக்கு அக்கா?"

கனகாம்பிகை கண்ணை மூடிக் கைகளை விரித்தார். கேள்வி வந்த இடத்தில் பக்தி கண்ணை மூடிக்கொள்ளும்.

அடுத்த சனிக்கிழமை, நிலம் துடைக்கிற தடியை எடுக்க பெர்னடெற் பின்னறைக்குப் போனார். அங்கே மாஸ்டரின் மச்சான் சயந்தன் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். காது கதவில், விரல் சுவிச்சில். உள்ளே "ஹா!" என்றதும் அழுத்தினார். மண்டபத்துக் கூரையில், மாஸ்டர் வந்தபிறகு பூட்டிய கறுப்புத் தகடுகள் நாலு உண்டு. சனம் அவற்றை ஸ்பீக்கர் என்று நினைத்திருந்தது. அவை ஹீற்றர்கள். வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை, சூடு நேரே தலையில் விழும். கரண்ட் பில்லுக்குப் பயந்து வீட்டில் இரண்டு சுவெற்றரோடு நடுங்குகிற சனத்துக்கு அப்படியொரு சூடு பட்டால் மூட்டு இளகாமல் என்ன செய்யும்?

பெர்னடெற் அன்று பின்னேரமே போய்ச் சொன்னார். கனகாம்பிகை சிரித்தார்.

"சுவிச்சிலை வாற சூடும் சக்தியிலை வாற சூடும் எனக்குத் தெரியாதே? சக்தி எலும்புக்குள்ளை இறங்கும்."

"சரி. சுவிச் போடாமல் சக்தி வந்தால் நான் இனி வாய் திறக்கமாட்டன். வராட்டி நீங்கள் என்னோடை ஆஸ்பத்திரிக்கு வரவேணும்."

"ஓம், வாறன்," என்றார் கனகாம்பிகை, தோற்க முடியாது என்ற தைரியத்தில்.

அடுத்த சனிக்கிழமை பெர்னடெற் பின்னறைக் கதவைத் தட்டினார்.

"சயந்தன் அண்ணை, உங்கடை காருக்குப் பக்கத்திலை பார்க்கிங் வோர்டன் நிக்கிறான்."

பொய்யே இல்லை. சயந்தன் காரை விட்டிருந்தது, விட்டால் தண்டம் எழுதுகிற இரட்டை மஞ்சள் கோட்டில். எழும்பிப் பறந்தார். பெர்னடெற் அந்தக் கதிரையில் அமர்ந்தார்.

"ஹா!" என்றார் மாஸ்டர். ஒன்றும் வரவில்லை.

"ஹாஆ!" யாரோ இருமினார்கள்.

"மாஸ்டர், குளிருது," என்றது ஒரு குரல்.

"ஆரோ இண்டைக்குச் சந்தேகத்தோடை வந்திருக்கினம்! கண்ணை இறுக்கி மூடுங்கோ. ஒருத்தரும் திறக்கப்படாது!"

சொல்லிவிட்டு மேடையால் மெல்ல இறங்கினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மச்சான் வோர்டனோடு சண்டை பிடிப்பது தெரிந்தது. அவரும் வெளியே ஓடினார். கதவிடுக்கால் அதைப் பார்த்த பெர்னடெற் சுவிச்சை அழுத்தினார்.

"வருது! வருது!"

"ஐயோ மாஸ்டர், ஒருநாளும் இப்பிடி வரேல்லை!"

எல்லோரையும்விட உரத்த குரல் கனகாம்பிகையுடையது.

"கண்ணைத் திறவுங்கோ," என்றார் பெர்னடெற், மண்டபத்துக்குள் வந்து.

மேடை வெறுமையாக இருந்தது. வெளியே வாசலில், சக்தியை வழங்கும் வள்ளல் வோர்டனின் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக்கொண்டு நின்றார்.

வித்தை உடைந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நீங்கள் எங்கள் சனத்தை அறியவில்லை.

"பாத்தீங்களே! வெளியிலை நிண்டும் அனுப்பியிருக்கிறார்!" என்று முன்வரிசையில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கனகாம்பிகையும் தலையாட்டினார்.

பெர்னடெற் கனகாம்பிகையைக் கையில் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவிச்சை நிறுத்தி, அந்தக் கதிரையில் இருத்தினார்.

"போடுறதும் நிப்பாட்டுறதும் இனி உங்கடை கையிலை. நான் தொடமாட்டன்."

மச்சானை வோர்டனிடம் விட்டுவிட்டு மாஸ்டர் திரும்பி வந்தார். முன்வரிசைக்காரர் சொன்னதைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "ஓம், அங்கை நிண்டுதான் அனுப்பினனான்," என்றார். கைதட்டல் எழுந்தது. கண்கள் மறுபடி மூடின; இனி அவர் கத்தாமல் தப்ப முடியாது.

"ஹா!"

கனகாம்பிகை சுவிச்சைத் தொடவில்லை. திறந்த கதவால் மண்டபத்துக் கூரையைப் பார்த்துக் காத்திருந்தார். சக்தி வரவேண்டும் என்று அந்தக் கட்டடத்திலேயே அவரைப்போல ஆசைப்பட்டவர் யாரும் இல்லை. வராவிட்டால் இத்தனை கிழமை என்ன செய்துவிட்டோம் என்று தன் காலைக் குனிந்து பார்க்கவேண்டி வரும். மாஸ்டர் ஆறு தரம் கத்தினார். ஆறு தரமும் அவர் காத்திருந்தார். எனக்கு அந்த மனிசியை நினைக்க இன்றும் நெஞ்சு கனக்கிறது.

பிறகு, மாஸ்டர் வாயை மூடி மூச்சு வாங்கிய நேரத்தில், அழுத்தினார்.

"வருது!"

நிறுத்தினார்.

"போகுது, போகுது!"

போட்டார். "வருது!"

கனகாம்பிகை நொண்டி நொண்டி மண்டபத்துக்குள் வந்தார்.

"அனுப்பினதும் நான்தான், நிப்பாட்டினதும் நான்தான். என்னட்டை என்ன சக்தி கிடக்கு? சீனி வருத்தம்தான் கிடக்கு." மேடையை நிமிர்ந்து பார்த்தார். "யோகராஜா, என்ரை விரல் போனால் நீ தருவியோ?"

அறுபது பேரும் பின்னறைக்குள் முண்டியடித்து, சுவிச்சை மாறி மாறி அழுத்திப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு தரம் எல்லோரும் மாஸ்டர் ஆனார்கள். அசல் மாஸ்டர் அதற்குள் காணாமற் போய்விட்டார்.

கனகாம்பிகை சொன்ன சொல் தவறாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு விரலை எடுக்கவேண்டி வந்தது. இன்னும் இரண்டு கிழமை போயிருந்தால் கால் போயிருக்கும் என்றார் டொக்ரர்.

எங்கள் சனம் மீன்கடைக்குப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்கும். கண்ணைப் பார்க்கும். விரலால் அமத்திப் பார்க்கும். எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது என்று கடைக்காரனைக் குடைந்தெடுக்கும். செத்த மீனையே இவ்வளவு சந்தேகப்படுகிறவர்களே, உயிரோடு வந்து "மருந்தை நிறுத்து" என்கிறவனிடம் ஒரேயொரு கேள்வி கேட்டால் குறைந்தா போவீர்கள்?