ஒரு நண்டும் நாலு நாட்டுக் கார் விலையும்

உலகத்தில் எந்த நாட்டில் எந்தக் கார் என்ன விலை போகிறது என்று மூச்சுவிடாமல் சொல்லக்கூடிய ஒரே மனிதர் வேலணையில் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். எந்தச் சபையிலும் இதைச் சத்தியம் செய்து சொல்வேன். அவரிடம் கார் இல்லை. ஓட்டவும் தெரியாது. அறுபது வயதுவரை ஒரு காரின் முன் கதிரையில் இருந்ததுகூட இல்லை. ஆனால் வீதியால் ஒரு கார் போனால் போதும், கையிலிருந்த ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அப்படியே விட்டுவிட்டு எழும்பிவிடுவார். அது யப்பானில் என்ன விலை, லண்டனில் என்ன விலை, கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய மறுகணம் என்ன விலை என்று ஒப்பித்து முடித்த பிறகுதான் திரும்பக் குந்துவார்.

சொந்தப் பெயர் என்னவோ, ஊருக்கு அவர் 'சுங்கம்'. கடிதம்கூட அந்தப் பெயருக்குத்தான் வரும்.

இந்த விசர் எப்படிப் பிடித்தது என்றால், மனிதர் கார் வாங்கவென்று மூன்று தரம் காசு சேர்த்திருக்கிறார். மூன்று தரமும் இவருடைய காசு நிறைந்த நேரம் பார்த்து அரசாங்கம் வரியைக் கூட்டியிருக்கிறது. "கொழும்பிலை இருக்கிறவைக்கு என்ரை உண்டியல் குலுங்கிற சத்தம் கேக்குது போலை" என்பார். நாலாம் தரம் சேர்த்தபோது கார் இறக்குமதியையே சில வருடத்துக்கு நிறுத்திவிட்டார்கள். அன்றோடு காரில் இருந்த ஆசையை விட்டார், விலையில் ஆசையைப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய கடையைப் பூட்டுவது நீளப் பலகைகளால். ஒவ்வொரு பலகையும் ஒரு நாடு. கனடாப் பலகை, லண்டன் பலகை, யப்பான் பலகை, சிங்கப்பூர்ப் பலகை என்று வரிசையாகச் சோக்கட்டியால் விலை எழுதியிருக்கும். சாட்டிக் கடற்கரைக்குப் போகிற வெளிநாட்டுக் குடும்பங்களின் வான் ரயருக்குக் காற்றுப் போனால் அவருக்குத் திருவிழா. ரயரைக் கழற்றி வைத்துவிட்டு விசாரணையைத் தொடங்குவார். "உங்கை என்ன கார் வைச்சிருக்கிறியள்? என்ன விலை? வரியோடையோ, வரி இல்லாமலோ?" பதில் சொல்லி முடியும்வரை ரயர் வானுக்கு ஏறாது. எத்தனையோ குடும்பங்கள் கடலைப் பார்க்காமலே வீடு திரும்பியிருக்கின்றன.

சிங்கப்பூரில் கார் எங்களைவிடவும் விலை என்று அறிந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். "அங்கை கார் வாங்க முன்னம், கார் வைச்சிருக்கலாம் எண்டு ஒரு அனுமதித் துண்டை ஏலத்திலை எடுக்கவேணுமாம்! அந்தத் துண்டே ஒரு கார் விலையாம்!" என்று சந்தியில் நின்று கூவினார். எங்களை விடவும் கொடுமைப்படுகிற ஒரு சனம் உலகத்தில் இருக்கிற சந்தோசத்தில் அன்று சந்தி முழுக்கப் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தார்.

இந்த மனிதர் எங்கள் வீட்டு மானத்தைக் காப்பாற்றுவார் என்று யார் கண்டது?

என் தங்கை வசந்திக்குக் கலியாணம் பேசினோம். மாப்பிள்ளை நிமலன் உள்ளூர் வாத்தியார், தங்கமான பெடியன், ஒன்றுமே கேட்கவில்லை. லண்டனில் இருக்கிற சின்ன மாமா, அம்மாவின் தம்பி, போனில் முகத்தைக் காட்டி வாழ்த்துச் சொல்ல வந்தவர், சும்மா போயிருக்கலாம். நாக்கு இருக்கவிடவில்லை. "மருமேளுக்கு ஒரு புதுக் கார் நான் எடுத்துக் குடுக்கிறன். உதென்ன பெரிய காசே!" என்று இரண்டு வீட்டாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். பாவம், லண்டன் விலையை மனதில் வைத்துக்கொண்டு வேலணையில் வாக்குக் கொடுத்துவிட்டார்.

என்ன கார், என்ன விலை என்று விசாரித்து அனுப்பச் சொன்னார். அப்பா யாழ்ப்பாணம் போய் விசாரித்து அனுப்பினார். அரை மணித்தியாலத்தில் போன் வந்தது.

"அத்தான், என்னை மொக்கன் எண்டு நினைச்சியளோ? அதே கார், இங்கை பக்கத்து வீட்டுக்காரன் போன மாசம் எடுத்தவன். அங்கை மட்டும் எப்பிடி மூண்டு மடங்கு? மிச்சம் ஆரின்ரை பொக்கற்றுக்குப் போகுது?"

அப்பா முப்பது வருடம் பஸ் கொண்டக்டர். மிச்சச் சில்லறையை வாங்க மறந்து இறங்கிப்போனவர்களை வீடு தேடிப்போய்க் கொடுத்த மனிதர். போனை மெதுவாக வைத்தார். "கார் வராட்டிப் பறவாயில்லை. கள்ளன் எண்ட பேரோடை நான் மணவறைக்குப் பக்கத்திலை நிக்கமாட்டன். கலியாணத்தை நிப்பாட்டுங்கோ" என்றார். அதற்குப் பிறகு ஒரு சொல் பேசவில்லை. சோறும் சரியாக உண்ணவில்லை. வசந்தி குசினிக்குள் இருந்து அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லண்டன் எட்டுகிற தூரத்தில் இருந்திருந்தால் அன்றே இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன்.

மூன்றாம் நாள் மாமாவே வந்து இறங்கினார். நேரே யாழ்ப்பாணத்துக் கார்க் கடைக்குப் போனார். அவர்களும் அதே விலைதான் சொன்னார்கள். "உவங்களும் அத்தான்ரை ஆக்கள்தான்" என்றார் மாமா. அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, மண்டைதீவுப் பாலத்தால் கொண்டுவந்து சுங்கத்தின் கடையில் இறக்கினேன்.

மத்தியான நேரம். சுங்கம் சாப்பாட்டுக் கரியரைத் திறந்து வைத்திருந்தார். நடுவில், குழம்புக்குள், பெரிய நண்டு ஒன்று. பக்கத்தில் சைக்கிளுக்கு ஒட்டுப் போட வந்த நிமலன் நின்றான். மாமா அவனை அடையாளம் காணவில்லை. போனில் பொட்டளவு தலை மட்டும்தானே பார்த்தவர்.

விசயத்தைச் சொன்னேன். சுங்கத்தின் கண் பளிச்சென்றது. வாழ்நாள் முழுக்க இதற்காகத்தான் காத்திருந்திருப்பார் போலும்.

"தம்பி, இதிலை இரும். இந்த நண்டுதான் நீர் குடுக்கிற காசு. விளங்குதோ?"

மாமாவை ஊரில் ஒருவர் 'நீங்கள்' என்னாமல் 'நீர்' என்று சொல்லிப் பல வருடமாகியிருக்கும். இருந்துவிட்டார்.

சுங்கம் ஒரு காலை முறித்து நீட்டினார். "இது கப்பல் கூலி. சாப்பிடும்." அடுத்த கால். "இது சுங்கவரி. இது எஞ்சின் அளவுக்கு வரி. இது சொகுசு வரி." பெரிய கொடுக்கை முறித்தார். "இது, இவ்வளவு வரியையும் கூட்டி அதுக்கு மேலை போடுற வரி."

"வரிக்கும் வரியோ?" மாமாவின் வாயில் குழம்பு வழிந்தது.

"பின்னை என்ன? எங்கடை ரூவா விழுந்ததுக்கு இந்த மிச்சக் காலெல்லாம். வித்துத் தாறவன்ரை லாபம் மற்றக் கொடுக்கும் சதையும்." ஓடு மட்டும் மிஞ்சியது. அதைத் தூக்கிக் காட்டினார். "இதுதான் தம்பி கார்."

"லண்டனிலையும் வரி இருக்குத்தானே?" மாமா விடவில்லை.

"இருக்கு. அங்கை ஒரு காலோடை விட்டிடுவினம். அதோடை, செய்யிறவனும் எல்லா நாட்டுக்கும் ஒரு விலை சொல்லான். எங்கை எவ்வளவு குடுப்பினம் எண்டு பாத்துத்தான் சொல்லுவான். சரி, லண்டனிலை உந்த நண்டு என்ன விலை?"

மாமா சொன்னார். கடைவாசலில் கூடியிருந்த சனம் "ஐயோ கடவுளே" என்று வாயில் கைவைத்தது.

"எழுவைதீவிலை இதைப் பிடிச்சவனுக்குக் கிடைச்சது அதிலை ஒரு நகத்தளவு. நண்டு ஒண்டுதானே? அப்ப இடையிலை வித்தவன் எல்லாம் கள்ளனோ? உம்மடை அத்தான் கள்ளனோ?"

மாமா தலையைக் குனிந்தார். பிறகு மெல்லிய குரலில், "நான் குடுத்த வாக்கு என்னாகிறது?" என்றார்.

அப்போதுதான் நிமலன் வாயைத் திறந்தான். "மாமா, நான்தான் மாப்பிள்ளை. பள்ளிக்கூடம் அரை மைல். எனக்குக் கார் ஆர் கேட்டது? நண்டை முழுக்க வரிக்குக் குடுத்திட்டு, ஓட்டை எங்களுக்குத் தரப்போறியளோ?"

சந்தியே சிரித்தது. மாமாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் மாமா நேரே போய் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்தார். "அத்தான், பிழை என்னிலைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ." அப்பா அவரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். மூன்று நாளுக்குப் பிறகு முதல் சொல் வந்தது. "போய்க் கையைக் கழுவிப்போட்டு வா, சாப்பிடுவம்." அம்மா சந்தோசத்தில் அகப்பையைக் கீழே போட்டுவிட்டார்.

கலியாணம் அமர்க்களமாக நடந்தது. மாமா ஒரு வாடகைக் கார் பிடித்துப் பூச் சோடித்திருந்தார். ஊர்வலம் வெளிக்கிடும் நேரம் நிமலன் காரை மறித்து, சுங்கத்தைக் கூப்பிட்டு முன் கதிரையில் ஏற்றினான். "எனக்கு ஏலாது தம்பி, வேட்டி கசங்கிப்போம்" என்று சொல்லிக்கொண்டே ஏறினார் மனிதர். மேளம், நாதஸ்வரம், பின்னால் மணமக்கள், முன்னால் நிமிர்ந்தபடி சுங்கம். வேலணை வீதி முழுக்கச் சனம் கைதட்டியது அவருக்குத்தான். ஒரு தரம் மட்டும் ஓட்டுநரின் பக்கம் சரிந்து, "தம்பி, இது என்ன விலைக்கு எடுத்தனீர்?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு அப்பாவின் சைக்கிளுக்கு வாரம் ஒருமுறை காற்றுப் போகிறது. உருட்டிக்கொண்டு சுங்கத்தின் கடைக்குப் போனால் இரண்டு மணித்தியாலத்துக்கு வரமாட்டார். வேலியோரம் குந்தியிருந்து வால்கட்டையைத் திறந்து காற்றை விடுவது அப்பாதான் என்று எனக்குத் தெரியும்.

போன கிழமை என்னுடைய சைக்கிளிலும் திறந்துவிட்டேன்.