ஒரு விரல் கூடுதலாக வளர்ந்த வெள்ளரிக்காய்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. கடிதத்தை நலம் என்றுதான் தொடங்க வேண்டும் என்பதால், இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தையும் நிஜமாகவே நலமாக இருக்க வேண்டும்.

நிலத்தைக் கிடங்கு கட்டக் கேட்கும் கம்பெனிக்கே கொடுத்துவிடலாம், கையெழுத்துப் போடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். மாட்டேன். அப்பா நம் இருவர் பேரிலும் எழுதிவைத்த நிலம். நான் கையெழுத்துப் போடாமல் அதில் ஒரு பிடி மண் நகராது.

சந்தையைத் திறந்துவிட்டோம், இனி யாரும் எங்கேயும் விற்கலாம் என்று டிவியில் சொன்னபோது உன் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கதவைத் திறந்தது நாம் வெளியே போவதற்கு என்று நினைத்துவிட்டேன், அவர்கள் உள்ளே வருவதற்கு என்று பிறகுதான் விளங்கியது. பெரிய கடைக்காரர்கள் வந்தார்கள், வெள்ளரிக்காய் போடச் சொன்னார்கள், போட்டோம். காய் வளைந்திருக்கிறது, வேண்டாம் என்றார்கள். வெள்ளரிக்காய் வளையாமல் என்ன செய்யும், நான் கேட்கிறேன்! உன் அண்ணிதான் யோசனை சொன்னாள். பந்தலில் தொங்குகிற ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் நூலால் ஒரு சின்னக் கல்லைக் கட்டினோம், இரண்டு பேரும் கழுத்து வலிக்க வலிக்க. பக்கத்துத் தோட்டக்காரன் வேலியோரம் நின்று, "என்னண்ணே, காய்க்கெல்லாம் தூக்குத் தண்டனையா?" என்றான். சிரிக்கட்டும், காய் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. கடையின் லாரிக்காரர் எடுத்துப் பெட்டியில் வைத்தார், மூடி மூடவில்லை. கல்லின் கனத்துக்குக் காய் ஒரு விரல் நீளமாகிவிட்டது. "நேராத்தான் இருக்கு, ஆனா நீளம் ஜாஸ்தி" என்று எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார். நாடு வளர்கிறது என்றால் கைதட்டுகிறார்கள், என் காய் ஒரு விரல் வளர்ந்தால் திருப்பி அனுப்புகிறார்கள், இது எந்த ஊர் நியாயம்?

சரி, பழைய மண்டிக்கே போவோம் என்று வண்டி பிடித்துப் போனேன். மண்டிக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு மூலையைக் கைகாட்டினார். அங்கே கப்பலில் வந்த வெள்ளரிக்காய், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் உறை, விலையோ நம்முடையதில் பாதி. "அண்ணே, அது சட்டை போட்டுட்டு வந்திருக்கு, உங்களுது வெறும் உடம்போட நிக்குது. நான் என்னண்ணே பண்றது?" என்றார். நல்ல மனுஷன்தான், டீ வாங்கிக் கொடுத்தார், காயை மட்டும் வாங்கவில்லை. திருப்பிக் கொண்டுவந்து மாட்டுக்குப் போட்டேன். முதல் நாள் தின்றது, மறுநாள் அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது தம்பி, மாட்டுக்கு முன்னால் நின்று அழுதேன்.

அதற்காக விற்றுவிடுவேனா? கம்பெனி ஆள் வந்து, "ஐயா, வளர்ச்சிக்கு நீங்களும் வழிவிடணும்" என்றான். உன் அண்ணி துடைப்பத்தோடு வெளியே வந்தாள், அவனே வழிவிட்டுப் போய்விட்டான். அவள் இருக்கும்வரை இந்த நிலத்தை எவனும் தொட முடியாது. இனி இந்தப் பேச்சை எடுக்காதே.

குழந்தைக்கு எங்கள் ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
இந்தக் கடிதத்தில் தவிர வேறு எதிலும் கையெழுத்துப் போடாத
உன் அண்ணன்

பி.கு.: எழுதியதை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். கல் கட்டிய இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். துடைப்பம் வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "வித்துடலாங்க. என்னால முடியல" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் 'முடியல' என்று நான் கேட்டதில்லை. பத்திரத்தை எடுத்துக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன். வந்தால் அவளிடம் ஒன்றும் கேட்டுவைக்காதே. யார் கேட்டாலும், பேராசை பிடித்த அண்ணன்தான் விற்றான் என்று சொல்.